அடுத்த காம்பராவின் தூக்கம்

காலையில் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்கு நிற்கும்போது, லயத்து வரிசை வீட்டில் அடுத்த காம்பராவில் குடியிருக்கும் மதுஷாவின் தெளிந்த முகத்தைப் பார்த்தாலே அன்னலட்சுமிக்கு வயிறெரியும்.

"ஒன் வீட்டுக்காரரு வெளிநாட்டு வேலைக்குக் கட்டார் போயிட்டாரு. குறட்டை இல்லாத வீடு. குடுத்து வச்சவ. எனக்குப் பொட்டுத் தூக்கமில்ல."

"அவரு போன புதுசுல பயத்துல நானும் தூங்கலக்கா. இப்பதான் அசந்து தூங்குறேன்."

"என்ன மாத்திரை?"

"மாத்திரை இல்லக்கா. நடுச்செவுத்தோரமாப் படுத்தா ஒங்க வீட்டு அண்ணனோட குறட்டை கேக்குது. வீட்டுல ஆம்பளத் தொணை இருக்க மாதிரி தைரியமா இருக்கு."

மறுநாளே அன்னலட்சுமி வேலைக்குப் போகாமல், புருஷன் வீரசிங்கத்தைப் பதுளை டவுனுக்கு டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

டாக்டர் பரிசோதித்துவிட்டு, "தூக்கத்துல மூச்சு அடைச்சு அடைச்சு வருது. இது வியாதி. இத்தன வருஷமா ஏம்மா கூட்டிட்டு வரல?" என்றார்.

"நேத்து வரைக்கும் எனக்கு மட்டுந்தான் கேக்குதுன்னு நெனச்சேங்க."