பதினொன்றரை ஜோடி

"பதினொன்றரை ஜோடியா?"

வெண்மதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் திரையைப் பார்த்தாள். எட்டாம் நம்பர், கறுப்பு, ஆண்கள் செருப்பு. இருப்பு, பதினொன்றரை ஜோடியேதான்.

சின்னக் கடைகளுக்குப் போய், வியாபாரத்தில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடித்து, கம்ப்யூட்டரை உருப்படியாகப் பயன்படுத்தக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். தர்மபுரியில் அக்பர் அலியின் செருப்புக் கடைக்கு வந்து இது மூன்றாம் நாள். அக்பர் அலி மெக்காவுக்கு உம்ரா போயிருந்தார். அவர் திரும்பி வருவதற்குள் கடையை நவீனமாக்கிக் காட்டிவிட வேண்டும் என்று மகன் முதசிர்தான் அவளை அழைத்திருந்தான்.

"ஒரு இடத்துல இல்ல சார், ஒன்பது இடத்துல அரை வருது. யாரு ஏத்தினது?"

"நான்தான். முனியப்பண்ணன் குடோன்ல எண்ணிச் சொன்னாரு, அப்படியே டைப் பண்ணேன். வயசாயிடுச்சு, தப்பா எண்ணியிருப்பாரு."

முனியப்பனைக் கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு வருடமாகக் குடோன் அவர் பொறுப்பு.

"எண்ணினது சரிதானுங்க" என்றார்.

"அரை ஜோடி எப்படிங்க இருக்கும்?" என்று வெண்மதி கேட்டாள்.

"ஒத்தைச் செருப்புங்க."

"இன்னொரு ஒத்தை?"

"போயிடுச்சுங்க."

"எங்கே போச்சு?"

"பாய் வந்தா சொல்வாருங்க."

அதற்கு மேல் அவர் வாயைத் திறக்கவில்லை. முற்றத்தில் லோடு வந்திருப்பதாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

வெண்மதியும் முதசிரும் குடோனுக்குப் போனார்கள். மேல் தட்டில் தனியாக ஒன்பது பெட்டிகள். ஒவ்வொன்றிலும் காகிதத்தில் பத்திரமாகச் சுற்றிய ஒரே ஒரு செருப்பு.

"இது பழைய தந்திரம் சார்" என்றாள் வெண்மதி. "வேற ஒரு கடையில பார்த்திருக்கேன். இந்த வாரம் ஒரு கால், அடுத்த வாரம் மறு கால். பெட்டி தட்டுலயே இருக்கும். யாருக்கும் சந்தேகம் வராது."

முதசிரின் முகம் வாடிப்போனது.

"முனியப்பண்ணனா? சின்ன வயசுல சைக்கிள்ல வெச்சு என்னை ஸ்கூல்ல கொண்டுபோய் விட்டவருங்க அவரு."

"உங்க கஷ்டம் புரியுது. ஆனா கம்ப்யூட்டருக்கு வேண்டியவங்க வேண்டாதவங்க கிடையாது."

சொல்லிக்கொண்டே அறிக்கையில் ஒரு வரி சேர்த்தாள். 'குடோன் பொறுப்பாளரை உடனே மாற்றவும்.'

பெட்டியை மூடும்போதுதான் அதன் ஓரத்தில் பென்சிலால் ஒரு ஃபோன் நம்பர் எழுதியிருந்ததைப் பார்த்தாள். மற்ற எட்டிலும் அதேபோல் வேறு வேறு நம்பர்கள்.

"சரக்கு எங்க போகுதுன்னும் தெரிஞ்சுடும்" என்று சொல்லி, கடை ஃபோனில் ஸ்பீக்கரைப் போட்டு முதல் நம்பரை அழைத்தாள்.

"பாய் கடைங்களா? நான் பொம்மிடி தீர்த்தகிரி பேசறனுங்க. எனக்கு ஜோடி கெடச்சிருச்சுங்களா?"

"என்ன ஜோடிங்க?"

"கடைக்குப் புதுசாம்மா நீங்க? எனக்கு எடது காலு மட்டுந்தான் இருக்குது. சக்கரை வியாதியில வலதை எடுத்துட்டாங்க. எந்தக் கடைக்குப் போனாலும் ஜோடியாத்தான் வாங்கணும்னுட்டாங்க. உங்க பாய்தான் எடதை மட்டும் பாதி வெலைக்குக் குடுத்தாரு. வலது காலு மட்டும் இருக்கறவரு யாராச்சும் அதே அளவுல வந்தா, மீதிச் செருப்பை அவருக்குக் குடுத்துடுவாங்களாம். அப்படி ஆளு வந்தா எனக்கு ஒரு ஃபோன் போடுங்கம்மா. அடுத்த தபா ரெண்டு பேரும் சேந்தே வந்து, பிடிச்ச மாடலா எடுத்துக்கறோம்."

சிரித்துவிட்டு அவர் வைத்துவிட்டார்.

வெண்மதி அறிக்கையைத் திறந்து, கடைசி வரியை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். காது மடல் சூடாக இருந்தது அவளுக்கு.

முனியப்பன் தோளில் ஒரு அட்டைப்பெட்டியோடு உள்ளே வந்தார். திறந்து கிடந்த பெட்டிகளையும் இவர்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். விஷயம் தெரிந்துவிட்டது என்று புரிந்துபோனது.

"மன்னிச்சிடுங்கண்ணா" என்றாள் வெண்மதி. "சாஃப்ட்வேர்ல இடது, வலதுன்னு ரெண்டு கட்டம் போட்டுத் தர்றேன். சேலத்துல நான் பார்க்கிற ரெண்டு செருப்புக் கடையிலயும் இதையே போடச் சொல்றேன். அளவு ஒத்துப்போனா மூணு கடைக்கும் மெசேஜ் வந்துடும். ஆளு சீக்கிரம் கிடைப்பாங்க."

முதசிருக்குக் கண் கலங்கியிருந்தது.

"அதெல்லாம் எதுக்குங்க? கால் போனவங்ககிட்ட பாதி விலை வாங்கறதே தப்பு. நாளையிலேர்ந்து சும்மாவே குடுத்துடலாம். நாலு போட்டோ எடுத்துப் போட்டா கடைக்கும் நல்ல பேரு. அத்தாவுக்கு ஏன் இது தோணல?" என்றவன் முனியப்பன் பக்கம் திரும்பினான். "என்கிட்டயே மறைச்சுட்டீங்களேண்ணா. நான் என்ன, குடுக்க வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?"

முனியப்பன் ஒன்பது பெட்டிகளையும் மூடி, மேல் தட்டில் வரிசையாக அடுக்கி முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"வேண்டாம்னு சொல்ல மாட்டீங்க தம்பி. சும்மா குடுத்துடுவீங்கன்னுதான் உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னாரு பாய். சும்மா குடுக்க ஊர்ல நெறைய பேரு இருக்காங்களாம். கால் போனவங்க வெலை பேசி வாங்கறதுக்கு நம்ம கடை ஒண்ணுதான் இருக்குதாம்."