பத்து மணி ரொட்டி

மனநலக் கிளினிக்குக்கு முன்னால் போட்டிருந்த நீள வாங்கில் உட்கார்ந்து நானும் அம்மாவும் ரொட்டி தின்றுகொண்டிருந்தோம்.

பத்து மணிக்கு ஏதாவது சாப்பிட வேண்டும். தனியாகச் சாப்பிடக் கூடாது. சாப்பிட்ட பிறகு அரை மணித்தியாலம் கழிப்பறைப் பக்கம் போகவே கூடாது. டொக்டரின் உத்தரவு. கிளினிக் நாளிலும் அதற்கு விடுமுறை இல்லை.

ஆளுக்குப் பாதி. தொட்டுக்கொள்ளச் சம்பல். பரீட்சை மண்டபத்தில் பார்த்தெழுதுகிறவர்கள் மாதிரி ஒருவர் வாயை ஒருவர் கள்ளமாகப் பார்த்தபடி மென்றோம்.

வெளியே முற்றத்தில், ஊருக்குள் மாடு மாதிரித் திரிகிற மான்களில் ஒன்று, யாரோ சோறு சுற்றிக்கொண்டு வந்து எறிந்த பொலித்தீனை விழுங்கிக்கொண்டிருந்தது. அதற்கு எந்தக் கிளினிக்கும் கிடையாது.

இந்த வாங்குக்கு வந்து சேர எங்களுக்கு ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. முதலில் வாயுக் குளிசை தந்தார்கள். பிறகு பூச்சிக் குளிசை. பிறகு தொண்டைக்குள் கமரா விட்டுப் பார்த்துவிட்டு, கொஞ்சம் புண்தான், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். பல் டொக்டர் பல்லைப் பார்த்துவிட்டு டொபி தின்பதை நிறுத்தச் சொன்னார். லிங்கநகரில் ஒரு பாஸ்டர் பிசாசை அதட்டிப் பார்த்தார். பிசாசு போகவில்லை. அவருடைய குரல்தான் போனது.

கடைசியில் ஒரு இளம் டொக்டர்தான் கதவைச் சாத்திவிட்டு, சாப்பிட்ட பிறகு என்ன நடக்கிறது என்று கேட்டார். அதுவரை அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. இங்கே அனுப்பியவரும் அவர்தான்.

அரை மணித்தியாலம் முடிவதற்குள் ஸுல்பிகா மாமி வந்துவிட்டார்.

முன்பு எங்கள் ஒழுங்கையில் இருந்துவிட்டு ஜமாலியாவுக்குக் குடிபோனவர். பக்கத்து அறையில் நடக்கிற சீனி வருத்தக் கிளினிக்குக்கு வந்திருந்தார். கதவுக்கு மேலே இருந்த பலகையை வாசித்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அவரில் பிழையில்லை. காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் கொட்டியாரக் குடாவைத் தாண்டி மூதூரில் போய் விழுகிற உடம்பு எனக்கு. அம்மா கதிரையில் இருந்தால் கதிரை தெரியாது.

“தம்பிக்கு என்ன வருத்தம், கிறேஸ்?”

அம்மா ரொட்டிப் பெட்டியை மூடுவதை நிறுத்திவிட்டார். நான் முந்திக்கொண்டேன். ஐஸ் போதை என்றேன். அதற்கு முன்பு தூள் என்றேன். இப்போதுதான் திருந்தி வருகிறேன் என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டேன்.

துறைமுகத்தில் கப்பலால் இறங்குகிற சீமெந்து மூட்டைகளை எண்ணுவது என் வேலை. நான் கண்ட ஒரே தூள் அதுதான்.

மாமி அல்லாஹ்வைக் கூப்பிட்டுவிட்டு, கைப்பையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டார். பிறகு மனது கேட்காமல் பக்கத்தில் இருந்து புத்தி சொன்னார். கிண்ணியாவில் அவருடைய உறவுக்காரப் பெடியன் ஒருவன் இப்படித்தான் இருந்தானாம், கலியாணம் கட்டி வைத்த பிறகு தங்கமாகிவிட்டானாம். வாங்கில் இருந்த மற்றவர்களும் எங்கள் பக்கம் காதைத் திருப்பினார்கள். முன்பின் தெரியாத ஒருவர் எனக்கு இஞ்சி டொபி நீட்டினார். தூள்காரனுக்கு இவ்வளவு உபசாரம் கிடைக்கும் என்று முன்பே தெரிந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அப்போது மிஸ்ஸி கதவைத் திறந்து அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டார்.

கிறேஸ் அல்பிரட்.

அம்மா எழும்பவில்லை.

இவ்வளவு பெரிய மனுசிக்குச் சாப்பாட்டில் வருத்தம் என்றால் யார் நம்புவார்கள்? நானே நம்பவில்லை. அப்பா செத்த பிறகு தொடங்கியது. நான் வேலைக்குப் போனதும் குசினியில் நின்றபடி சட்டியோடு தின்பார். பிறகு பைப்பைத் திறந்துவிட்டு அவ்வளவையும் வாந்தி எடுப்பார். ஒருநாள் கப்பல் பிந்தியதால் நான் இடையில் வீட்டுக்கு வந்தேன். பைப் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர்ச் சத்தத்துக்குள் இன்னொரு சத்தமும் கேட்டது.

இடையில் அம்மாவின் நிறை குறைந்திருந்தது. அதைக் கண்டு, உடம்பைக் குறைக்கச் சொல்கிற ஒரு கிளினிக்கில் அவரை எழுப்பி நிறுத்தி, இவரைப் பார்த்துப் பழகுங்கள் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கைதட்டினார்கள். அம்மா சிரித்துக்கொண்டு நின்றாராம்.

இங்கே முதல் தடவை வந்தபோது, தெரிந்த முகம் ஒன்றைக் கண்டதும் அம்மா வாசலிலேயே திரும்பி வீட்டுக்குப் போகப் பார்த்தார். நோயாளி நான்தான் என்று அன்றைக்குச் சொன்னேன். அம்மா உள்ளே போனார். அன்றிலிருந்து கிளினிக் நாட்களில் நான் தூள்காரன்.

மிஸ்ஸி இரண்டாவது தடவையும் கூப்பிட்டார்.

இளம் பெடியன்கள் என்றால் முதலில் தாயோடுதான் கதைப்பார்கள் என்று மாமிக்கு நான் விளக்கத் தொடங்கினேன். அம்மா என் முழங்காலில் கையை ஊன்றி எழும்பினார். சேலையை இழுத்துவிட்டார்.

“அவன் பொய் சொல்றான் ராத்தா. வருத்தம் எனக்குத்தான். சாப்பிட்டுப்போட்டுச் சத்தி எடுக்கிற வருத்தம். இப்ப கொஞ்சம் பரவாயில்லை.”

சத்தமாகத்தான் சொன்னார். பிறகு உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

வாங்கு முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. இத்தனை மாதமாக நான் கட்டிக் காத்த கெட்ட பெயர் அரை நிமிடத்தில் போய்விட்டது.

ஒரு குற்றமும் செய்யாதவனாக அங்கே உட்கார்ந்திருப்பது எனக்குப் பெரிய சங்கடமாக இருந்தது.