தலைமையாசிரியர் மேல் ஏழு தீர்மானம்

"ஏழு மாசம், ஏழு தீர்மானம்! ஒண்ணு விடாம உங்களைத் திட்டியே இருக்கு. கொஞ்சமாவது கூச்சம் இருக்கா சார்?"

வட்டாரக் கல்வி அலுவலர் பிரேமலதா பிடிபிடியென்று பிடித்தார். பச்சைமலைக்கு வரும் ஒரே காலை பஸ்ஸில் இடிபட்டு வந்த கடுப்பு வேறு.

தலைமையாசிரியர் இளவரசன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்.

பெற்றோர்கள் கூடி நடத்தும் பள்ளி மேலாண்மைக் குழுவின் நோட்டைப் பிரித்து, உரக்கவே படித்தார் பிரேமலதா. "'கழிப்பறையில் தண்ணீர் இல்லை. தலைமையாசிரியர் கும்பகர்ணனாகத் தூங்குகிறார்.' 'கூரை ஒழுகுகிறது. இவரோ எருமை மாட்டின் மேல் மழை பெய்தது போல் இருக்கிறார்.' அடேங்கப்பா!"

"நானும் மூணு வருஷமா ஆபீசுக்கு எழுதினேன் மேடம். பதிலே வரல."

"அதெல்லாம் சாக்கு! பெற்றோர் தீர்மானம் வந்த மறுவாரமே குழாய் போட வச்சேனா இல்லையா? கூரையை மாத்த வச்சேனா இல்லையா?"

"ஆமாங்க மேடம்."

அதைச் சொல்லும்போது மனுஷன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்! பிரேமலதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனைக்கும் பிள்ளைகள் படு சுட்டி. வாய்ப்பாடு கேட்டால் அருவியாகக் கொட்டினார்கள். இருந்தாலும் பெற்றோருக்கே பிடிக்காத ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? முடிவு செய்துவிட்டார்.

குழுத் தலைவி அழகம்மாளுக்கு ஆள் போனது. மூன்றாம் வகுப்பு கனிஷ்காவின் அம்மா அவள். மரவள்ளிக் காட்டிலிருந்து, கை மண்ணைத் தட்டிக்கொண்டே ஓடி வந்தாள்.

"இனி நீங்க கஷ்டப்பட வேண்டாம்மா. இவரை மலையை விட்டே மாத்தச் சொல்லி இன்னைக்கே மேல எழுதிடறேன்."

அழகம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இளவரசன் 'சொல்லாதே' என்று கண்ணைக் காட்டினார். அவள் பார்த்தால்தானே!

"ஐயையோ, மாத்திடாதீங்க மேடம்! 'நான் கேட்டா ஆபீசுல அசைய மாட்டாங்க, நீங்க என்னைத் திட்டிக் கேளுங்க'ன்னு, ஏழு தீர்மானத்தையும் தன் கையாலேயே எழுதிக் கொடுத்த வாத்தியாரு, எங்களுக்கு வேற எங்கங்க கிடைப்பாரு?"