இன்னும் எத்தனை பேர்?

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

எஸ்தருக்குக் காட்டிய லேப்டாப்பை அவன் பட்டென்று மூடினான்.

"என்ன தெரிஞ்சுது, அக்கா?"

எஸ்தர் யோசித்தாள். பாளையங்கோட்டையில் அந்தக் குழந்தைகள் கிளினிக்கின் வரவேற்பு மேசை பதினெட்டு வருடமாக அவளுடையது. கை டோக்கன் நோட்டின் மேலேயே இருந்தது.

"ஏதோ லோன் குடுக்காவளோ, தம்பி?"

அவன் காகிதத்தில் ‘லோன்’ என்று எழுதிக்கொண்டான். நேற்று டீக்கடைக்காரர் ‘இன்சூரன்ஸ்’ என்றார். முந்தாநாள் பஸ்ஸில் பக்கத்து சீட்காரர், தன் மருமகனுக்கு அங்கே வேலை கிடைக்குமா என்று கேட்டார்.

அவர்கள் கம்பெனி விற்கப்போவது டோக்கன் சாஃப்ட்வேர். கிளினிக்குகளுக்கு.

இணையதளத்தின் முகப்பில் அவன் எழுதியிருந்த வரி இது: ‘நோயாளர் அனுபவத்தின் அடுத்த பரிணாமம்.’

எழுதியபோது நன்றாகத்தான் இருந்தது.

அலுவலகத்தில் ஆறு பேர். ஆறு பேருக்கும் புரிந்தது. சாஃப்ட்வேரைச் செய்தவர்களுக்கு எதைக் காட்டினாலும் புரியும். அதனால்தான் இந்தச் சோதனை. சம்பந்தமில்லாத ஒருவரிடம் முகப்பை ஐந்து நொடி காட்ட வேண்டும். மூட வேண்டும். மூன்று கேள்வி கேட்க வேண்டும்.

இது என்ன?

யாருக்கு?

அடுத்து என்ன செய்வீர்கள்?

மூன்றாவதற்குச் சரியான பதில் ஒன்றே ஒன்றுதான். கீழே இருக்கும் பச்சை நிறப் பட்டனை அழுத்துவேன்.

இதுவரை பதினேழு பேர். முதல் கேள்வியையே ஒருவரும் தாண்டவில்லை.

திங்கட்கிழமை இணையதளம் வெளியாக வேண்டும். இன்று சனிக்கிழமை. "இன்னிக்குள்ள சரியான வரி வரலைன்னா பெங்களூர்ல ஒரு ஏஜென்சிகிட்ட குடுத்துருவோம்" என்று முதலாளி தன்மையாகத்தான் சொன்னார். அப்புறம் உனக்கு இங்கே வேலை இல்லை என்று அவர் சொல்லவில்லை. அது மட்டும் ஐந்து நொடிகூட ஆகாமல் புரிந்துவிட்டது.

மடியில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். மூன்று நாள் இருமல். டோக்கன் முப்பத்தொன்று. உள்ளே போயிருப்பது இருபத்து மூன்று.

பயம் இருந்தது. ஆனால் பயத்தைவிடக் குறுகுறுப்பு பெரிதாக இருந்தது. ஐந்து நொடியில் ஒரு ஆளின் மண்டைக்குள் என்னதான் போகிறது? எது போகும்?

"அக்கா, இந்த மேசைல உங்கள ரொம்பப் படுத்துறது எது?"

அவள் வாயைத் திறப்பதற்குள் ஒரு வேட்டிக்காரர் வந்து நின்றார். தோளில் பேரன்.

"இருபத்தொம்பது. இன்னும் எத்தன பேரு?"

"அஞ்சு பேரு, அண்ணாச்சி."

அவர் நகர்ந்ததும் ஒரு பெண். அவளுக்கும் அதே கேள்வி. அவள் நகர்வதற்குள் மேசையில் போன் அடித்தது.

எஸ்தர் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"இதுதான். காலைலேர்ந்து இது ஒண்ணத்தான் கேக்காவ."

அவனுக்குச் சுரீரென்றது. பழைய வரியை அழித்தான். இடது கையால் மகளை அணைத்துக்கொண்டு வலது கையால் தட்டினான்.

‘இன்னும் எத்தனை பேர்?’

அதன் கீழே: ‘இனி உங்கள் கிளினிக்கில் யாரும் இதைக் கேட்க மாட்டார்கள். டோக்கன் போடுவதும் போனில். எத்தனை பேர் என்று பார்ப்பதும் போனில்.’

அவ்வளவுதான். இவ்வளவு நாள் இதற்கா இப்படி மண்டையை உடைத்துக்கொண்டோம் என்று சிரிப்பு வந்தது.

ஒரே ஆளிடம் இரண்டாம் தடவை காட்டக் கூடாது என்பது விதி. விதியாவது ஒன்றாவது. லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினான்.

ஒன்று, இரண்டு, மூன்று.

நான்கு எண்ணுவதற்குள் எஸ்தர் நிமிர்ந்துவிட்டாள்.

"இது என்ன, அக்கா?"

"டோக்கன் போடுத சாஃப்ட்வேர்."

டிக்.

"யாருக்கு?"

"டாக்டர்மாருக்கு."

டிக். சந்தோஷத்தில் பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது.

"அடுத்து என்ன செய்வீங்க?"

எஸ்தர் டோக்கன் நோட்டைப் பார்த்தாள். மடங்கியிருந்த ஓரத்தை விரலால் நீவிவிட்டாள்.

"வேற வேலதான் பாக்கணும்."

கோபமெல்லாம் இல்லை. அஞ்சு பேரு என்று சொன்ன அதே குரல்.

பேனா மூன்றாவது கட்டத்தின் மேல் நின்றது.

"நல்லா புரியுது, தம்பி" என்றாள், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு. "முன்ன காட்டுனதுதான் ஒண்ணுமே வெளங்கல."

மகள் இருமி விழித்தாள். அழுகை வரவில்லை. மூச்சுத்தான் இழுத்தது. எஸ்தர் மேசையைச் சுற்றி வந்து, புறங்கையால் அவள் கழுத்தைத் தொட்டாள். கையை எடுக்காமல் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தாள்.

"முப்பத்தொண்ணு வரைக்கும் தாங்காது. கதவு தொறந்ததும் நீ உள்ள போ. டாக்டர்ட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

அவன் மகளைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. முதலாளியின் செய்தி.

‘கிடைச்சுதா?’

அவன் அதைத் திரும்பப் பையில் போட்டான்.

கதவு திறந்தது. கதவோரப் பெஞ்சிலிருந்து வேட்டிக்காரரின் குரல் கேட்டது.

"அஞ்சுன்னுல்லா சொன்னிய?"

"இப்ப ஆறு, அண்ணாச்சி."

வேட்டிக்காரர் திரும்பி அவன் மகளைப் பார்த்தார். பிறகு நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டு வழி விட்டார்.