கால் சுற்று

லாவினியா சந்தைக்குப் போய்த் திரும்பியபோது அவளுடைய கிடார் சாப்பாட்டு மேஜைமேல் மல்லாந்து கிடந்தது. தந்திகள் தளர்ந்து தொங்கின. பக்கத்தில் கையில் டார்ச் லைட்டோடு அவள் கணவன் இனோகே.

"உடைஞ்சு போச்சு," என்றான்.

சேப்பங்கிழங்குக் கூடை அவள் கையிலிருந்து நழுவியது.

மறுநாள் குழந்தைகள் ஞாயிறு. நெயாஃபு என்ற அந்தத் தீவு ஊரின் தேவாலயத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை பிள்ளைகளே பாடி, வசனம் ஒப்பித்து நடத்தும் ஆராதனை. முப்பத்திரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு மாதமாகப் பாட்டு சொல்லிக் கொடுத்திருந்தாள் லாவினியா. கிடார் இல்லாவிட்டால் அந்த முப்பத்திரண்டு பேரும் முப்பத்திரண்டு சுருதியில் போவார்கள்.

மழைக்காலத்திலிருந்தே கிடாரின் கழுத்து வளைந்திருந்தது. தந்திகள் எம்பி நின்றன. அழுத்தி அழுத்தி அவளுக்கு விரல் நுனியெல்லாம் கன்றிப் போயிருந்தது. கழுத்துக்குள் ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது, அதன் திருகைக் கொஞ்சம் முறுக்கினால் கழுத்து நிமிர்ந்துவிடும், வீட்டிலேயே செய்யலாம் என்று இனோகே போனில் பார்த்துத் தெரிந்துகொண்டான். ஆக்லாந்தில் இருக்கும் தம்பியிடம் சொல்லி அதற்கான சாவியைக் கப்பலில் வரவழைத்தான்.

இரண்டு வாரமாக வேறு பேச்சே இல்லை. கால் சுற்றுதான் திருப்ப வேண்டும், அதற்குமேல் ஒரு நூல்கூடக் கூடாது என்று, பன்றிக்குத் தீனி வைக்கும்போதுகூட யாராவது பக்கத்தில் நின்றால் சொல்லிக்கொண்டிருந்தான்.

"கால் சுத்துன்னுதானே சொன்னே? எத்தனை சுத்து சுத்தினே?" என்று கேட்டாள் லாவினியா.

இனோகே தலையைச் சொறிந்தான். திருகு மழுங்கிவிட்டது, இனி எந்தச் சாவியும் அதில் பிடிக்காது என்று மட்டும் சொன்னான்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டிலிருந்து அவளுடைய அப்பா சாமிசோனி வந்தார். சபை மூப்பர். கிடாரைப் பார்த்தார். மருமகனைப் பார்த்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டு ஆரம்பித்தார்.

போன வருஷம் இனோகே கழற்றி மாட்டிய படகு மோட்டாரில் தொடங்கினார். அதற்கப்புறம் அந்தப் படகு பின்பக்கமாக மட்டும்தான் போனது. அடுத்தது சலவை இயந்திரம். அதில் இப்போது கோழி அடைகாக்கிறது. அப்புறம் மழைத்தொட்டிக் குழாய். மாசம், தேதி எல்லாம் அவருக்கு ஞாபகம் இருந்தது.

"தெரியாத வேலையில கை வைக்காதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன் மாப்ளே?" என்று முடித்தார்.

"நிறைய தடவை மாமா," என்றான் இனோகே.

அவன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாததுதான் லாவினியாவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. சண்டை போடவாவது ஆள் வேண்டாமா?

ஊரில் இன்னொரு கிடார் இருந்தது, ஆண்கள் கூடிக் காவா என்னும் வேர்ச்சாறு குடிக்கும் மன்றத்தில். சாயங்காலம் இனோகே போய் இரவல் கேட்டான். சேதி அவனுக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. தாராளமாகத் தருகிறோம், ஆனால் நீ தொடக்கூடாது என்றார்கள். லாவினியா வந்து வாங்கிக்கொள்ளட்டும், வீடு போய்ச் சேரும்வரை நீ பத்தடி தள்ளியே நட என்றார்கள். சிரித்த சிரிப்பில் ஒருவருக்குப் புரையேறிவிட்டது.

அதற்கும் அவன் சரி என்றான். லாவினியா கிடாரோடு முன்னால் நடக்க, கையைக் கட்டிக்கொண்டு பத்தடி பின்னால் வந்தான். வழியில் வாசலுக்கு வாசல் ஆட்கள் நின்று பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் நன்றாகவே பாடினார்கள். ஒரு பெண் மட்டும் தன் வசனத்தை மறந்துவிட்டுப் பக்கத்துப் பையனுடைய வசனத்தைச் சொல்லிவிட, அவன் அழுதான். மற்றபடி குறையில்லை.

முடிவு ஜெபம் சாமிசோனியுடையது. அறியாத வேலையில் கை வைத்துக் கெடுக்கிறவர்களுக்கு நல்ல புத்தியைத் தாரும் கர்த்தரே என்று கண்ணை மூடிக்கொண்டு உருக்கமாக வேண்டினார். யாருடைய கை என்று சபைக்கே தெரியும். பின்வரிசையில் தோள்கள் குலுங்கின.

எல்லோரையும்விட உரக்க ஆமென் சொன்னது இனோகேதான்.

லாவினியாவுக்கு அப்போதுதான் முதல் தடவையாக அவன்மேல் பாவமாக இருந்தது.

மத்தியானம், பன்றியைக் குழியில் புதைத்துச் சுடும் மண் அடுப்பைத் திறந்தார்கள். விருந்தென்றால் சாமிசோனி உட்கார்ந்த இடத்துக்கு இலை வரும். தானாக எழுந்து யாருக்கும் பரிமாறி எவரும் பார்த்ததில்லை. அன்றைக்கு மொறுமொறுவென்று இருந்த பன்றித் தோலாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்து, இனோகேயின் தட்டில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்தார். மகள் எங்கே என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அவள் தூரத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"மாப்ளே," என்றார். குரல் இறங்கியிருந்தது. "நீ கை வெச்சா உடைச்சிடுவியோன்னு பயந்துதான், வெள்ளிக்கிழமை வீட்ல யாரும் இல்லாதப்ப நானே முந்திக்கிட்டு அந்தத் திருகை முறுக்கிப் பார்த்தேன்."

இனோகே மென்றுகொண்டிருந்தான்.

"கிடாருக்குள்ள என் கத்தி முனை உடைஞ்சு விழுந்திருக்குமே?"

"எடுத்துட்டேன் மாமா," என்றான் அவனும் தாழ்ந்த குரலில். "லாவினியா கண்ணுல படறதுக்குள்ள, நீங்க மேஜையடியில விட்டுட்டுப் போன, முனை போன உங்க கத்தியையும் சேர்த்துக் கடல்ல போட்டுட்டேன்."