நாலு சொட்டுத் தங்கம்

காசியம்மாளுக்கு இடுப்பு நிமிரவில்லை.

விடியற்காலையில் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸைப் பிடித்து வந்தவள், கல்லூரியின் இரண்டு மாடியையும் குனிந்தே துடைத்து முடித்திருந்தாள். கல்லூரிக்குத் தரம் போட ஆய்வுக்குழு வருகிற நாள்.

"வண்டி வேங்கிக்கால் தாண்டிடுச்சு. ஆரத்தி எங்கம்மா? சோறுதானே திங்கறே?"

பிள்ளைகள் பார்க்கப் பார்க்க முதல்வர் கத்தினார்.

மஞ்சள் இருந்தது. அதைச் சிவக்க வைக்கச் சுண்ணாம்பு இல்லை. அவள் கான்ட்ராக்ட் ஆள். ஒரு புகார் போனால் போதும், நாளைக்கு வேறொருத்தி துடைப்பத்தோடு நிற்பாள்.

வேதியியல் ஆய்வகத்து மேசையில், கண்ணாடிக் குடுவையில் சிவப்பாகத் தண்ணீர் இருந்தது. யாரோ புண்ணியவதி கரைத்து வைத்திருக்கிறாள் என்று தட்டில் ஊற்றி, வெற்றிலையை மிதக்கவிட்டு, கற்பூரம் வைத்துக் கொடுத்துவிட்டாள்.

குழுவினர் மூன்று பேருக்கும் மாணவிகள் ஆரத்தி சுற்றி, நெற்றியில் தொட்டு வைத்தார்கள். மிச்சத்தைக் காசியம்மாளே வாசலில் கொட்டினாள். யார் கண் யார்மேல் பட்டாலும், தன் வேலைமேல் படாமல் இருந்தால் சரி.

தட்டைக் கழுவக் குழாயடிக்குப் போனபோது அபிநயா வந்து கையைப் பிடித்தாள். அந்த ஆய்வகத்தில் ஆராய்ச்சி செய்கிற பெண். மத்தியானச் சோற்றில் பாதியைக் காசியம்மாள் பக்கம் தள்ளுகிறவள்.

"கழுவாதக்கா. அது தங்கம்."

"இன்னாது, இந்தத் தண்ணியா?"

"கண்ணுக்கே தெரியாத தூளாப் பண்ணா தங்கம் செவந்துடும்க்கா. கல்யாணத் தரகர் மாதிரி அது. ரெண்டு பொருளைச் சேத்து வெச்சுட்டு, தான் முழுசா வெளிய வந்துடும்."

காசியம்மாள் தட்டைக் குழாயிலிருந்து விலக்கினாள்.

"தரகரைத் தூக்கி வாசல்ல ஊத்திட்டனே பாப்பா."

அபிநயா சிரித்துக்கொண்டே வெற்றிலையைத் தூக்கினாள். அடியில் நாலு சொட்டு இருந்தது. அதைச் சொட்டுக்குழாயில் உறிஞ்சி எடுத்தாள்.

ஆய்வகத்தில் குழு வந்து சுற்றி நின்றது. செய்து காட்ட அபிநயா எடுத்து வைத்திருந்த மஞ்சள் நிற ரசாயனக் கரைசலில் நாலு சொட்டும் விழுந்தன.

ஒன்றும் நடக்கவில்லை.

நெற்றியில் அதே சிவப்போடு தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். காசியம்மாள் துடைத்த ஜன்னலையே மறுபடி துடைத்தாள்.

மஞ்சள் மெல்ல வெளுத்தது. பிறகு நிறமே இல்லாத வெறும் தண்ணீராகத் தெளிந்தது. தலைவர் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார்.

அவர்கள் போனதும் அபிநயாவின் பேராசிரியை வெறும் குடுவையைத் தூக்கிப் பிடித்தார்.

"ஆறு மாசம் காத்திருந்து வாங்கின தங்க உப்பு. நீ கரைச்சு வெச்சது மிச்சம் எங்கே?"

"கை தவறிக் கொட்டிட்டேன் மேடம்" என்றாள் அபிநயா.

கால் மணி நேரம் திட்டினார். மாடு மேய்க்கப் போகச் சொன்னார். மாடு கூட உன்னிடம் நிற்காது என்றார்.

காசியம்மாள் இரண்டு முறை வாயைத் திறந்தாள். இரண்டு முறையும் மூடிக்கொண்டாள்.

சாயங்காலம் படியிறங்கும்போதுதான் கேட்டாள்.

"தட்டுல இருந்தது உன்னுதுன்னு உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

"நீ ஊத்தும்போதே கதவாண்ட நின்னுட்டுதான் இருந்தேன்க்கா. வேணாம்னு புடுங்கியிருந்தா, முதல்வரு மறுபடி உன்னப் பாத்துத்தானே கத்துவாரு."

அன்றைக்கு அபிநயா வாங்கிய திட்டு காசியம்மாளுடையது. அதை அபிநயா இன்னும் அவளிடம் திருப்பிக் கொடுக்கவில்லை.