மாதாவுக்கு ஒரு கண்மலர்

“இந்தம்மா இறங்கினா நாங்க யாரும் இறங்கமாட்டோம்” என்று கப்பல் படிக்கட்டை மறித்துக்கொண்டு நின்றாள் கலியோபி.

அவள் கைகாட்டிய இடத்தில் வயதான அஸ்பாசியா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள். வரிசையில் நின்றவர்கள் பதறிப்போய் விலகினார்கள்.

ஸ்மரோவுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. அவள் கப்பலின் நர்ஸ். இறங்குகிற ஒவ்வொருவர் நெற்றிக்கும் நேராகத் தெர்மாமீட்டரைப் பிடித்துப் பார்த்து அனுப்புவது அன்றைக்கு அவள் வேலை.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இன்னொரு கப்பலில் காய்ச்சல் பரவி, எந்தத் துறைமுகமும் சேர்க்காமல் அது நடுக்கடலில் நிற்பதை எல்லோரும் டி.வி.யில் பார்த்திருந்தார்கள். ஒரே ஒருத்தருக்குக் காய்ச்சல் இருந்தாலும் மொத்தக் கப்பலையும் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று தீவின் துறைமுகப் போலீஸ் கறாராகச் சொல்லிவிட்டது. இன்றைக்கோ மாதா திருநாள். இந்தக் கூட்டம் பிரேயஸ் துறைமுகத்தில் கப்பலேறி வந்ததே அதற்காகத்தான்.

“இவங்களுக்குக் காய்ச்சல் இல்ல மேடம். நான் பார்த்துட்டேன்” என்றாள் ஸ்மரோ.

“அப்ப இந்த இருமல் என்ன, வேண்டுதலா?”

அஸ்பாசியா தயங்கித் தயங்கிச் சொன்னாள். “சின்ன வயசுல புகையிலை கிடங்குல வேலை பார்த்தேன்மா. அந்தத் தூசியில வந்த இருமல். இது யாருக்கும் ஒட்டாது.”

“எல்லாரும் இப்படித்தான் ஒரு கதை வச்சிருக்காங்க. நோயை மறைச்சு ஊரையே கெடுக்கறது. மனசாட்சின்னு ஒண்ணு வேண்டாம்?”

கூட்டம் அவள் பக்கம் சாய்ந்தது. கேபினில் வைத்துப் பூட்டுங்கள் என்றார் ஒருவர். முந்தாநாள் அஸ்பாசியாவோடு ஒரே மேசையில் சாப்பிட்டவளும் அதற்குத் தலையாட்டினாள்.

கலியோபியின் கணவர் தனாசிஸ் மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஆகஸ்ட் வெயிலில் கம்பளிச் சட்டையோடு, தலையைக் குனிந்தபடி நின்றார். அவருக்கு ஏ.சி. ஒத்துக்கொள்ளவில்லை என்று கலியோபி காலையிலேயே எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். இப்படி ஒரு மனைவி வாய்த்தால் எந்த மனிதனுக்குப் பேச்சு வரும் என்று ஸ்மரோ நினைத்துக்கொண்டாள். அவர் நெற்றியிலும் தெர்மாமீட்டர் சாதாரணச் சூட்டைத்தான் காட்டியது.

சத்தம் கேட்டுக் கப்பல் அதிகாரி இறங்கி வந்தார். விஷயம் போலீஸ் காதுக்குப் போனால் எல்லோருக்கும்தான் திண்டாட்டம், கிழவியைக் கேபினுக்குக் கூட்டிப் போ என்று ஸ்மரோவிடம் முணுமுணுத்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அஸ்பாசியாவின் கையைப் பிடித்தாள். பின்னால் யாரோ கைதட்டினார்கள். அந்தக் கையை முறித்துப் போட்டால் என்ன என்றிருந்தது அவளுக்கு.

கேபினுக்குள் வந்ததும் அஸ்பாசியா கைப்பையிலிருந்து ஒரு வெள்ளிக் கண்மலரை எடுத்தாள்.

“என் மகனுக்கு ஒரு கண்ணு ஏற்கெனவே போயிடுச்சு. இன்னொண்ணுக்கு நாளைக்கு ஆபரேஷன். மாதா படத்துக்கு இதைச் சாத்தி, முத்தம் கொடுக்கறேன்னு நேர்ந்துக்கிட்டேன். எனக்காக நீ கொடுப்பியா கண்ணு?”

ஸ்மரோ சரியென்று தலையாட்டி, கண்மலரை வாங்கிக்கொண்டாள்.

வேலை முடிந்ததும் சீருடையை மாற்றி, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு கோயிலுக்கு ஓடினாள்.

அங்கே பார்த்த காட்சியில் அவளுக்கு ரத்தம் கொதித்தது. கப்பலில் கைப்பிடிக் கம்பியைத் தொடப் பயந்தவர்கள், லிஃப்ட் பொத்தானை முழங்கையால் அழுத்தியவர்கள், இங்கே வரிசையாக வந்து மாதா படத்தின் ஒரே கண்ணாடிக்கு ஒருவர் பின் ஒருவராக முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கோயில் ஆள் எப்போதாவது ஒரு துணியால் துடைத்தார். அதுவும் அதே துணி. நோய் கோயில் வாசலோடு நின்றுவிடும் என்று இவர்களுக்கு யார் சொன்னார்களோ.

வரிசையில் அவளுக்கு முன்னால் கைக்குழந்தையோடு ஒரு தாய். அவளுக்கும் முன்னால் கலியோபியும் தனாசிஸும்.

“நல்லவேளை, அந்த நோய்க்காரிய இறங்க விடல. குழந்தைங்க வாய் வைக்கிற இடம் இது” என்று கலியோபி அந்தத் தாயிடம் பெருமையாகச் சொன்னாள். தாய் நன்றியோடு தலையாட்டினாள்.

கலியோபி முத்தம் கொடுத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். அடுத்து தனாசிஸ் குனிந்து கண்ணாடியில் உதடு பதித்து, வெகுநேரம் அப்படியே இருந்தார். பிறகு தாய் குழந்தையைத் தூக்கி, அதன் வாயை அதே இடத்தில் வைத்து எடுத்தாள்.

ஸ்மரோவின் முறை வந்தது. கண்மலரைப் படத்தின் கீழே கட்டித் தொங்கவிட்டாள். அஸ்பாசியாவின் மகனுக்காக மனசுக்குள் வேண்டிக்கொண்டு, முத்தம் கொடுக்கக் குனிந்தாள்.

பக்கத்தில் தூண் ஓரமாகக் கலியோபி கணவரின் காதில் கிசுகிசுத்தது தெளிவாகக் கேட்டது.

“வேண்டுதல் முடிஞ்சுதுல்ல, கிளம்புங்க. உடம்பு மறுபடியும் நெருப்பாக் கொதிக்குது. காலைல மாதிரியே மாத்திரையைப் போட்டு, காய்ச்சல் இறங்கினப்புறம் கப்பல் ஏறலாம். இல்லேன்னா அந்த நர்ஸ் பொண்ணு கண்டுபிடிச்சிடுவா.”

குனிந்திருந்த ஸ்மரோ, முக்காட்டை விலக்கிக்கொண்டு நிமிர்ந்தாள்.